உருகியது சரி, உறைந்தது பிழை: சிறு வார்ப்பு உலைக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கல்

இறைப்பு மெசினின் இம்பெல்லர், படகு எஞ்சினின் மூடி, கேற்றுக்குப் பூவேலை, குத்துவிளக்கின் தண்டு போன்ற சாமான்களைச் சிரட்டைக்கரி உலையிலோ காஸ் உலையிலோ உருக்கி, மண் அச்சில் வார்ப்பவர்களுக்கானது இது. அலுமினியமும் பித்தளையும்தான் முக்கியமாக வரும். இரும்பு இந்த உலைக்கு அடங்காது.

வார்ப்பு பழுதானால் முதற்பழி நெருப்பின்மேல் விழும். ‘சூடு காணாது’ என்று இன்னும் ஒரு கூடை கரியைக் கொட்டுவார்கள். ஆனால் அனேகமான பழுதுகள் உலோகம் உருகும்போது பிறப்பதில்லை. அது திரும்ப உறையும்போதுதான் பிறக்கின்றன. கூடுதல் சூடு அவற்றைப் பெருக்கித்தான் விடும். ஆகவே பழுதான வார்ப்பைத் தூக்கி எறியாமல் வாளால் அறுத்து, வெட்டுமுகத்தை அரத்தால் தேய்த்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் பிழை நேர்ந்தது என்பது அங்கே தெரியும்.

கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் பாகையில். வெள்ளீயம் 232, ஈயம் 327, நாகம் (துத்தநாகம்) 420, அலுமினியம் 660, செம்பு 1085 பாகையில் உருகும். நாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும். பித்தளை வார்ப்பவருக்குத் தலையிடி எல்லாம் இந்தக் கடைசி எண்ணிலிருந்துதான்.

உலோகம் தெறிக்கிறது, ‘டப்’ என்று வெடிக்கிறது

உடனே நிறுத்துங்கள். மற்றப் பழுதுகளில் உலோகம்தான் வீண். இதில் கண்ணும் காலும் போகும்.

காரணம் தண்ணீர். நீர் 100 பாகையில் ஆவியானால் முன்னிருந்த இடத்தைப்போல ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். 700 பாகை அலுமினியத்துக்குள் மாட்டினால் அதற்கும் மேலே. உலோகத்தின் மேலே விழுந்த துளி சீறிவிட்டுப் போய்விடும். அடியில் அகப்பட்ட துளிக்கு வெளியேற வழி கிடையாது, அதனால் மேலே இருக்கும் உலோகத்தையே தூக்கி எறியும்.

ஈரம் ஒளிந்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலாவது பழைய சாமானின் உள்வெளிகள்: பிஸ்டனின் ஊசி ஓட்டை, குழாயின் மடிப்பு, ஆணி இறுகிய துளை. யாழ்ப்பாணக் கரையில் குருநகர், மயிலிட்டிப் பக்கத்துப் படகு எஞ்சின் துண்டுகள் என்றால் இன்னும் கவனம். அவற்றில் படிந்திருப்பது கடலுப்பு. கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். வெயிலில் காய்ந்ததுபோலத் தெரியும் துண்டு மாலையில் திரும்பக் கசியும்.

நல்ல தண்ணீரில் இரண்டு தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு உலையின் விளிம்பில் பத்து நிமிடம் வையுங்கள். துண்டைக் கவனித்துக்கொண்டிருந்தால் ஆணித்துளையைச் சுற்றி முதலில் கறுப்பாக ஓர் ஈரவட்டம் விரியும். பிறகு அது சுருங்கிக்கொண்டே வந்து துளைக்குள் மறையும். மறைந்த இடத்தில் வெள்ளை வளையம் மிஞ்சினால் அது உப்பு, திரும்பக் கழுவவேண்டும். வளையம் இல்லாவிட்டாலும் உடனே போடவேண்டாம். 150 பாகையைத் தாண்டிய துண்டைத்தான் உருகிய உலோகத்துக்குள் இறக்கலாம். வாய் மூடிய குழாய்த் துண்டையோ உருளையையோ அறுத்துத் திறக்காமல் ஒருபோதும் போடக்கூடாது.

இரண்டாவது கருவிகள். கசடு வழிக்கும் கரண்டி, கிளறும் கம்பி, மிச்ச உலோகத்தை ஊற்றும் இரும்பு அச்சு எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் சூடுகாட்டுங்கள். கறள் பிடித்த இரும்பு அச்சு காய்ந்திருந்தாலும் நம்பக்கூடாது. கறள் தனக்குள்ளேயே நீரைப் பிணைத்து வைத்திருக்கும்.

மூன்றாவது நிலம். சீமெந்துத் தரையிலும் சுண்ணாம்புக்கல்லிலும் நுண்துளைகளுக்குள் நீர் இருக்கும். உலோகம் சிந்தினால் தரையே வெடித்துச் சில்லாகப் பறக்கும். வார்க்கும் இடத்தில் ஐந்து சென்ரிமீற்றர் தடிப்புக்குக் காய்ந்த மணல் பரப்புங்கள். மாரிகாலத்தில் அந்த மணலையும் தாச்சியில் வறுத்துத்தான் போடவேண்டும். சாரமும் செருப்பும் இந்த வேலைக்கு உடுப்பல்ல. தோற் சப்பாத்து, அதன் வாயை மூடியபடி வெளியே விழும் பருத்திக் காற்சட்டை, முகத்துக்கு மறைப்பு வேண்டும். பக்கத்தில் வாளி வைப்பதென்றால் அதில் காய்ந்த மணல் இருக்கட்டும், தண்ணீர் வேண்டாம்.

பாதி உருகியபின் சூடு ஏறவே மாட்டுதாம்

இது பழுதே அல்ல. திண்மம் திரவமாகும்வரை கொடுக்கும் வெப்பம் முழுவதும் அந்த மாற்றத்துக்கே போகும். வெப்பமானி அசையாது. பள்ளிக்கூடத்தில் மறைவெப்பம் என்று படித்தது இதுதான். ஒரு கிலோ அலுமினியத்தை அறை வெப்பநிலையிலிருந்து 660 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 670 கிலோயூல் வேண்டும். அங்கே நின்றபடி அதை உருக்க மட்டும் இன்னும் 397 கிலோயூல். ஈயத்துக்கு இது கிலோவுக்கு 23 தான். ஈயம் உருக்கிப் பழகியவர் அலுமினியத்தில் பொறுமை இழப்பது இதனால்தான்.

இங்கே செய்யக்கூடாதது புளோவரை முழுவீச்சில் விட்டுவிட்டு அங்காலே போவது. கடைசிக் கட்டி கரைந்த கணத்திலிருந்து சூடு மளமளவென்று ஏறும். கட்டிகள் பெரிதாகக் கிடக்கும்வரை காற்றைக் கூட்டி, கைப்பிடியளவு கட்டி மிஞ்சியதும் குறைத்துவிடுங்கள். நெருப்பு உண்மையிலேயே போதாமல் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், மூடி இல்லாமல் உலை எரிகிறதா, கரி மூசையின் (உலோகம் உருக்கும் பாத்திரத்தின்) இடுப்புக்கு மேலே நிற்கிறதா என்று இரண்டையும் பார்த்தால் போதும்.

தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) பொய் சொல்கிறதா என்று பார்க்க இந்த நிற்றலே நல்ல சோதனை. மின்கம்பி அலுமினியம் கிட்டத்தட்டத் தூயது. அதில் 200 கிராமை உருக்கி 720க்குக் கொண்டுபோய், மூசையை வெளியே எடுத்து வைத்து, களி உறைக்குள் இட்ட கே வகைத் தெர்மோகப்பிள் கம்பியை நடுவில் பிடித்து, 15 விநாடிக்கு ஒருதரம் எழுதுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடம் 660. உங்கள் மானி 648 காட்டினால் 12 பாகை குறைத்துக் காட்டுகிறது என்று அதன் பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். கீழ் முனைக்குக் கொதிநீர் போதும். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தோடு இருப்பதால் இங்கே தண்ணீர் 100 பாகையில்தான் கொதிக்கும். நுவரெலியாவில் இதே சோதனை ஐந்தாறு பாகை பிழைக்கும்.

அலுமினிய வார்ப்பை அறுத்தால் ஊசிமுனைத் துளைகள்

முதலில் துளையின் வடிவத்தைப் பாருங்கள். உருண்டையாய், உட்சுவர் வழவழவென்று மினுங்கினால் அது வாயுக்குமிழ். கோணல்மாணலாய், உள்ளே பன்னம் இலைபோலச் சொரசொரப்பாய் இருந்தால் அது சுருக்கக் குழி, அதற்கு மருந்து வேறு, அடுத்த பகுதியில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சுருக்கத்துக்குப் பசளைத்தூள் (கீழே வரும் உப்புக்கலவை) போட்டுக் கிளறுவதைப்போல வீண்வேலை வேறில்லை.

குமிழுக்குள் இருப்பது ஐதரசன். சூடான அலுமினியம் நீராவியைக் கண்டால் ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு ஐதரசனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். உருகுநிலையில் 100 கிராம் திரவ அலுமினியம் ஏறத்தாழ 0.7 மில்லிலீற்றர் ஐதரசனைத் தாங்கும். உறைந்த கணத்தில் 0.04 மில்லிலீற்றருக்கு மேல் அதனால் வைத்திருக்க முடியாது. மிச்சம் எங்கே போகும்? உறைந்துகொண்டிருக்கும் உலோகத்துக்குள்ளேயே குமிழாகச் சிக்கிக்கொள்ளும். 850 பாகைவரை சூடாக்கினால் திரவம் தாங்கும் அளவு மும்மடங்காகும். ‘நல்லாய் ஓடட்டும்’ என்று மேலதிகமாகச் சூடாக்குபவருக்குக் குமிழ் கூடுவது இதனாலேயே.

அலுமினியம் பகல் வெளிச்சத்தில் 850இலும் வெள்ளி மாதிரியே கிடக்கும், சிவந்து காட்டாது. உலையை நிழலில் வைத்து மூசையின் உட்சுவரைப் பாருங்கள். மங்கிய சிவப்பு மட்டுமட்டாய்த் தெரிந்தால் 700ஐ ஒட்டி நிற்கிறது. செம்மஞ்சளாகத் தெரிந்தால் கடந்துபோய்விட்டது.

காஸ் உலைக்காரர் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி வரும். சுவாலை மூசையின் வாயைத் தடவினால் அந்த நீராவி நேரே உலோகத்தின்மேல்தான் போகிறது. பேணரை (காஸ் எரியும் வாயை) சுவரோடு சாய்த்துச் சுவாலை சுழலும்படி வைத்து, மூசைக்கு ஒரு மூடி போடுங்கள். கரி உலையில் சிக்கல் குறைவு, ஆனால் கரி காய்ந்திருக்கவேண்டும். மழைக்குள் கிடந்த சாக்குக் கரி காஸைவிட மோசம்.

வார்க்குமுன் சோதனை: சூடுகாட்டிய சிறு இரும்புப் பேணியில் இரண்டு மேசைக்கரண்டி அளவு ஊற்றி, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் கண்ணாடிபோல இருக்கும். ஓரத்திலிருந்து மங்கல் நடுவை நோக்கி நகரும். நடுவில் மிஞ்சும் கடைசி வட்டம் மெல்ல உட்குழிந்தால் உலோகம் நலம். அந்த வட்டம் தட்டையாக நின்றாலோ, மேலே புடைத்து ஒன்றிரண்டு குமிழ் உடைந்தாலோ வார்க்கவேண்டாம்.

வாயு இருந்தால் மூசையை உலையிலேயே விட்டு, காற்றை நிறுத்தி, உலோகத்தை மெதுவாக உறையவிடுங்கள். அடியிலிருந்து உறைந்து வரும்போது ஐதரசன் மேலே தள்ளப்பட்டு வெளியேறும். பிறகு விரைவாக உருக்கி, 720ஐத் தாண்டவிடாமல் உடனே வாருங்கள். ஒரு மணித்தியாலம் வீண்தான், ஆனால் செலவில்லாத வழி. குளோரின் வெளிவிடும் குளிகைகளும் விற்கிறார்கள். அவற்றின் புகை நுரையீரலைக் கெடுக்கும், கொட்டிலுக்குள் பாவிக்கவேண்டாம்.

மேலே படியும் கசட்டைப் பிரிக்க உப்புக்கலவை போதும். சாப்பாட்டு உப்பும் பொட்டாசியம் குளோரைட்டும் சரிபாதி கலந்தால் தனித்தனியாக உருகுவதைவிடக் கீழே, ஏறத்தாழ 660 பாகையிலேயே உருகும். உப்பு மட்டும் என்றால் 801 வரை போகவேண்டும். பொட்டாசியம் குளோரைட்டு வெங்காயத் தோட்டக்காரர் எம்.ஓ.பி. என்று வாங்கும் பசளைதான். இரண்டையும் தாச்சியில் வறுங்கள். உப்பு படபடவென்று வெடிப்பது பளிங்குக்குள் அடைபட்ட நீர் ஆவியாகும் சத்தம். அது அடங்கும்வரை வறுக்கவேண்டும். பத்துக் கிலோ உலோகத்துக்கு 100 முதல் 200 கிராம் போதும். ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது: நைத்திரேற்றுப் பசளை எதுவும் உலைக்குக் கிட்டவே வரக்கூடாது. அது நெருப்புக்கு ஒட்சிசன் ஊட்டும், வெடிக்கும்.

தடித்த இடத்தில் குழி, அல்லது மேற்பரப்பு உள்வாங்கியிருக்கிறது

அலுமினியம் உறையும்போது கனவளவில் ஆறு ஏழு வீதம் சுருங்கும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒன்பது வீதம் விரிகிறதே, அதற்கு நேர்மாறு. சுருங்கும் இடத்துக்குப் புதுத்திரவம் வந்து சேராவிட்டால் அங்கே வெறுமைதான். கடைசியாக எந்த இடம் உறைகிறதோ அங்கேதான் குழி விழும். அது எப்போதும் தடித்த இடம்: இம்பெல்லரில் நடுக் குடம், மூடியில் ஆணி இறங்கும் முண்டு.

அந்த இடத்துக்குமேல் ரைசர், அதாவது வார்ப்புக்குத் திரவம் ஊட்டும் மேலதிக உலோகத் தூண், வைக்கவேண்டும். வார்ப்பைவிட ரைசர் பிந்தி உறையவேண்டும். முந்தி உறைந்தால் அது வார்ப்பிடமிருந்தே திரவத்தை உறிஞ்சும். கணக்கு லேசு. கனவளவை மேற்பரப்பால் வகுத்தால் வரும் எண் பெரிதாயின் பிந்தி உறையும். 40 மில்லிமீற்றர் கனச்சதுர முண்டுக்கு 64,000ஐ 9,600ஆல் வகுத்தால் 6.7. ரைசருக்கு இதைப்போல 1.2 மடங்கு, அதாவது 8 வேண்டும். உயரமும் விட்டமும் ஒன்றான உருளைக்கு இந்த எண் விட்டத்தின் ஆறில் ஒன்று. ஆகவே 48 மில்லிமீற்றர், ஐம்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் மொத்தத்தில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்துவிட்டு ‘ரைசர் வைத்தேன்’ என்பவர்களின் வார்ப்பில்தான் குழி அதிகம்.

ஊற்றி முடிந்ததும் ரைசரின் தலையில் இரண்டு விரல் தடிப்புக்கு உமிச்சாம்பல் போடுங்கள். வறுத்துக் காய்ந்தது. உமிச்சாம்பல் வெப்பத்தை விடாது. அதன் கீழே தலை திரவமாகவே நின்று மெல்ல மெல்ல இறங்கும். ஆறியபின் ரைசரின் உச்சி கிண்ணம்போலக் குழிந்திருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. உச்சி தட்டையாக இருந்து வார்ப்பில் குழி இருந்தால், ரைசருக்கும் வார்ப்புக்கும் இடைப்பட்ட கழுத்து முதலில் உறைந்து அடைத்துவிட்டது. கழுத்தைத் தடிப்பாக்கவேண்டும்.

ரைசர் வைக்க முடியாத மூலையென்றால் எதிர்வழி இருக்கிறது. அந்த இடத்து அச்சு மண்ணில் ஓர் இரும்புத் துண்டைப் புதைத்து வையுங்கள். இரும்பு வெப்பத்தை இழுத்து அந்த மூலையை முந்தி உறையவைக்கும். துண்டு கறளில்லாமல், சூடுகாட்டியதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதன் முகத்தில் பனித்த ஈரமே குமிழாகும்.

மூலைகளில் வெடிப்புக் கண்டால் அதுவும் இந்தக் குடும்பந்தான். கூர்மூலையை ஐந்து மில்லிமீற்றர் வளைவாக்குங்கள், அச்சைக் கல்லாக இடிக்காதீர்கள். உறைந்தபின்னும் அலுமினியம் மீற்றருக்கு ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் குறுகும். அச்சுப் பதிக்கும் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யாவிட்டால் இம்பெல்லர் தண்டில் ஏறாது.

அச்சு நிரம்பவில்லை, இரண்டு ஓட்டம் சந்தித்த இடத்தில் மடிப்பு

இங்கே மட்டும் சூடு குறைவு என்ற குற்றச்சாட்டு சில வேளை உண்மை. மெல்லிய சுவருக்கு 700 பாகை போதாமல் இருக்கலாம், 730க்குப் போங்கள். 780ஐத் தாண்டவேண்டாம். ஆனால் அதற்குமுன் என்ன உலோகம் போட்டீர்கள் என்று பாருங்கள்.

தூய உலோகம் ஒரே வெப்பநிலையில் உறையும். கலப்புலோகம் பெரும்பாலும் ஒரு வெப்பநிலையில் தொடங்கி இன்னொன்றில் முடிக்கும். இடையில் கூழாக நிற்கும். கூழ் ஓடாது. அலுமினியத்தில் ஏறத்தாழ 12.6 வீதம் சிலிக்கன் சேர்ந்தால் அந்தக் கூழ்நிலை மறைந்து, 577 பாகையில் ஒரேயடியாக உறையும். அதுவரை தண்ணீராய் ஓடும். பிஸ்டன், எஞ்சின் மூடி, கார் வீல் எல்லாம் சிலிக்கன் சேர்ந்த வார்ப்புலோகங்கள், அவையே நல்ல மூலப்பொருள். ஜன்னல் சட்டமும் பழைய சட்டிபானையும் உருகும், ஆனால் ஓட மனம்வராது. குளிர்பானப் பேணி மிக மோசம். ஒரு பேணி 13, 14 கிராம்தான். தகடு மெல்லியது என்பதால் உலோகத்தைவிட ஒட்சைட்டுத் தோலும் மையும் மிஞ்சும். அந்தத் தோல் 2,000 பாகைக்கு மேலேதான் உருகும், உங்கள் உலையில் ஒருநாளும் கரையாது. இரண்டு ஓட்டம் சந்திக்கையில் ஒட்டாமல் தடுப்பதும் அதே தோல்தான்.

நிறுத்தி நிறுத்தி ஊற்றாதீர்கள். ஊற்றுவாய் கடைசிவரை நிறைந்திருக்கவேண்டும். அச்சின் தொலைவான மூலைகளில் சைக்கிள் கம்பியால் காற்றுத்துளை குத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: சில பழைய எஞ்சின் மூடிகள் மகனீசியம். தூக்கினால் அலுமினியத்தைவிட இலேசு. அரத்தால் தேய்த்த இடத்தில் ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும், அலுமினியத்தில் ஒன்றும் நடவாது. நுரைத்தால் உலைக்குப் போடாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது.

பித்தளையில் வெள்ளைப் புகை, பஞ்சுபோல வெண்தூள்

அது நாகம். கொதித்து ஆவியாகி, காற்றில் எரிந்து, ஒட்சைட்டாகப் பறக்கிறது. 60 பங்கு செம்பும் 40 பங்கு நாகமும் கலந்த பித்தளை 900 பாகையளவில் உருகும், நாகத்தின் கொதிநிலையோ 907. செம்பு பிடித்து வைத்திருப்பதால் முழுவதும் ஒரேயடியாகக் கொதித்துவிடாது. ஆனால் 1,000ஐத் தாண்டியபின் ஒவ்வொரு நிமிடமும் இழப்புத்தான். வார்ப்பு எதிர்பார்த்ததைவிடச் சிவந்து வந்தால் போன நாகத்தின் கணக்கு அது.

உருகத் தொடங்கியதும் மேலே கரித்தூளும் உடைந்த கண்ணாடித்தூளும் விரலளவு போட்டு மூடுங்கள். அடிக்கடி கிளறவேண்டாம். உருகியதும் இறக்குங்கள். இறக்குமுன் எடையில் ஒன்று இரண்டு வீதம் நாகத்தைச் சூடுகாட்டி, குறட்டால் பிடித்து அடிக்கு அமிழ்த்துங்கள். மேலே எறிந்தால் உருகுமுன்னரே எரிந்துவிடும். பச்சைச் சாயலான சுவாலை எழும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

புகையைச் சுவாசித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. நாலைந்து மணித்தியாலம் கழித்து நடுக்கமும் காய்ச்சலும் வாயில் உலோக ருசியும் வரும். பால் குடித்தால் முறியும் என்பார்கள். பால் அதைத் தடுக்காது. திறந்த முற்றத்தில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று வாருங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் திசை நிலையாக இருப்பதால் உலையின் இடத்தை அதற்கேற்ப அமைக்கலாம். மூச்சு முட்டினால், அல்லது காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினால், வைத்தியரிடம் என்ன உருக்கினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாகம் பூசிய குழாயையும் வாளியையும் உருக்கவே கூடாது. பழைய பற்றறி ஈயமும் வீட்டு வளவுக்குள் வேண்டாம், பிள்ளைகள் விளையாடும் மண்ணில் அது தங்கிவிடும்.

பித்தளை வார்ப்பின் தோலில் கொப்புளம், மணல் ஒட்டியிருக்கிறது

மணலைச் சோதியுங்கள். ஒரு பிடி மணலில் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் நுரைக்கிறதா? யாழ்ப்பாணக் கரையோர மணலில் சிப்பியும் முருகைக்கல்லும் நொறுங்கிக் கிடக்கும். அது கல்சியம் காபனேற்று. அலுமினியத்தின் சூட்டுக்கு அனேகமாக அசையாது. 1,000 பாகைப் பித்தளை பட்டதும் சிதைந்து காபனீரொட்சைட்டு வாயுவை விடும், அதுதான் கொப்புளம். கடல்மணலில் உப்பும் இருப்பதால் ஈரமும் கூடவே வரும்.

சிலிக்கா மணல் வேண்டும். வடமராட்சி கிழக்கில் அம்பன் பக்கத்து வெண்மணல் சிலிக்கா மிகுந்தது. ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அள்ளுவது குற்றம், விற்பனையாளரிடம் வாங்குங்கள். மா அரிக்கும் அரிதட்டில் அரித்த பத்துக் கிலோ மணலுக்கு 600 முதல் 800 கிராம் பென்ரனைற்றுக் களி, 300 முதல் 400 மில்லிலீற்றர் தண்ணீர். கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் விரல்ரேகை பதிந்திருக்கவேண்டும், உள்ளங்கை நனையக்கூடாது, கட்டியை முறித்தால் விளிம்பு உதிராமல் வெட்டினாற்போல முறியவேண்டும்.

உலைச்சுவரை ஊர்ச் சுண்ணாம்புக்கல்லால் கட்டியவர்களுக்கும் இதே விடைதான். சில சூட்டுக்குப்பின் கல் நீறாகும், மழை ஈரம் பட்டதும் பொரிந்து உதிரும். தீச்செங்கல் வாங்குவதுதான் மலிவு.

காஸ் உலையில் சுவாலை சோர்கிறது, சிலிண்டர் வியர்க்கிறது

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 350 கிலோயூல் வெப்பம் வேண்டும், அதைத் தன்னிடமிருந்தே எடுத்துக் குளிர்ந்துபோகும். குளிர்ந்தால் அமுக்கம் இறங்கும், சுவாலை சோரும். அடுப்புக்கு இது தெரியாது, உலை இழுக்கும் வேகத்துக்குத் தெரியும். வெளியே படிந்த பனித்துளி எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவரைதான் திரவம் மிச்சம்.

12.5 கிலோ சிலிண்டரை அகன்ற தொட்டியில் நிமிர்த்தி வைத்து, பாதி உயரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுங்கள், பொதுவாக அதுவே போதும். போதாவிட்டால் உரிய இணைப்புக் குழாயால் இரண்டு சிலிண்டரைச் சேர்த்துப் பாதிப்பாதியாக இழுக்கலாம். சுடுதண்ணீர், நெருப்பு, வெயிலில் கிடத்துதல் மூன்றும் கூடாது. கிடத்தினால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் இறங்கி உலைவாயில் நெருப்புக்கட்டியாய் வெடிக்கும்.

மெழுகாற் செய்த மாதிரி வளைகிறது

மெழுகில் மாதிரி செய்து மண் பூசி, மெழுகை வடித்துவிட்டு வார்ப்பவருக்கானது இது. தேன்மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகும், ஆனால் சித்திரை வெயிலில் அதற்கு வெகு முன்னரே இளகிவிடும். குங்கிலியம் கலந்தால் விறைக்கும். மாதிரியைக் காலையில் செய்து, ஈரச் சாக்கு மூடிய பானையில் வையுங்கள். மெழுகை வடித்தபின் அச்சைச் சிவக்கும்வரை சுடவேண்டும். உள்ளே மெழுகு மிஞ்சியிருந்தால் பித்தளை இறங்கும்போது அது ஆவியாகி ஊற்றுவாயாலேயே உலோகத்தைத் திருப்பித் துப்பும்.